ஒரே அடுக்குக் கோப்பைகள்

அண்ணையின் அந்தியேட்டி முடிந்த மறுநாள் காலை, விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனேன். இறந்த முப்பத்தோராம் நாள் நடக்கும் அந்தச் சடங்குக்கு ஊரே வந்து சாப்பிட்டுப் போயிருந்தது. வேலியோரம், கிணற்றடி, வாழைகளின் அடி என்று பார்த்த இடமெல்லாம் சோறு ஒட்டிய லஞ்ச் சீற். சாப்பாட்டுத் தட்டின்மேல் விரித்து, சாப்பிட்டு முடிந்ததும் உருவி எறிகிற மெல்லிய பொலித்தீன் தாள் அது. அதோடு தேத்தண்ணி குடித்த பிளாஸ்ரிக் கப்புகளும் பாதித் தண்ணீரோடு விட்டுப் போன போத்தல்களும் கிடந்தன.

எங்கள் வீடு சாவகச்சேரிச் சந்தையிலிருந்து உள்ளே போகும் ஒரு ஒழுங்கையில் இருக்கிறது. குப்பை ஏற்றும் ரக்ரர் அந்த ஒழுங்கைக்குள் திரும்ப முடியாது. அதனால் எல்லா வீட்டிலும் செய்வதையே நாங்களும் செய்தோம். குழி வெட்டி, கூட்டித் தள்ளி, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினோம். ஈரச் சோறு பற்றிக்கொள்ள மறுத்தது. பொலித்தீன் மட்டும் உருகிக் கரும்புகையாக எழுந்து வீட்டுக்குள் போனது.

அண்ணையின் மனைவியை நான் மச்சாள் என்றுதான் கூப்பிடுவேன். துடக்கென்று தீட்டுக் காக்கும் நாட்கள் முழுவதும் அறையை விட்டு அதிகம் வெளியே வராதவர், அன்று சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வளவுக்கு வந்தார்.

"உந்த நெருப்பை அணையுங்கோ," என்றார். "அவரின்ரை பேரிலை போட்ட சோறு. அதைப் போய் இப்பிடி நாற வைச்சு எரிக்கிறியளே."

நான் கிணற்றிலிருந்து தண்ணீர் அள்ளி ஊற்றினேன். குழிக்குள் எல்லாம் ஒரு கறுத்த பாளமாக இறுகியது. அதன்மேல் மண் போட்டு மூடினோம். குழிக்கும் கிணற்றுக்கும் அதிக தூரமில்லை. எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல். மேலே விடுவதெல்லாம் ஒருநாள் கிணற்றுக்குத்தான் போய்ச் சேரும் என்பது இங்கே பிறந்த எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் மூடினோம்.

சில மாதங்கள் போயின. மச்சாள் ஏதாவது உழைப்புப் பார்க்க வேண்டியிருந்தது. மகள் படித்துக்கொண்டிருந்தாள். தையல் மெசின் போடு, தேத்தண்ணிக் கடை போடு என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். நான் அப்போது ஒரு கூட்டுறவுக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஒருநாள் பின்னேரம் வீட்டுக்கு வந்து சைக்கிளை நிற்பாட்டுவதற்கு முன்பே மச்சாள் கேட்டார்.

"கோப்பை வாடகைக்குக் குடுத்தால் என்ன? நீர் என்னோடை நிக்கிறீரோ?"

எங்கள் பக்கத்தில் சாப்பிடும் தட்டைத்தான் கோப்பை என்போம். கதிரை, பந்தல், சமையல் கிடாரம் வாடகைக்குக் கொடுக்கும் கடைகளில் கோப்பையும் இருக்கிறதே என்றேன்.

"இருக்கு. ஆனா கழுவித் திருப்பிக் குடுக்க வேணும். செத்தவீட்டுக்காரர் அழுவினமோ, கழுவுவினமோ? அதுதான் எல்லாரும் லஞ்ச் சீற் வாங்கினம். நாங்கள் எச்சிலோடை எடுப்பம். சாப்பிட்டுக் கூடையிலை போட்டால் காணும். மிச்சச் சோறும் எங்களோடை வரும். கழுவுறது எங்கடை பாடு."

வாழையிலையில் போடலாமே என்று இப்போதும் பலர் கேட்பார்கள். பந்தியில் இருத்திப் பரிமாறினால் போடலாம். செத்தவீட்டிலும் கலியாண வீட்டிலும் வரிசையில் நின்று வாங்கி, நின்றபடியே சாப்பிடும் பழக்கம் வந்துவிட்டது. கையில் பிடித்தால் இலை நிற்காது. மச்சாள் இதையெல்லாம் அந்த முப்பத்தொரு நாளும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது யோசித்திருக்கிறார் போலும். கேட்டதற்கெல்லாம் பதில் வைத்திருந்தார்.

அண்ணையின் மோட்டார் சைக்கிளை விற்றார். கோப்பை வாங்க இருவரும் யாழ்ப்பாணம் ரவுணுக்குப் போனோம். பாத்திரக் கடைக்காரர் ஒரு முஸ்லிம் பெரியவர். போர்க்காலத்தில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் எல்லோரோடும் ஊரை விட்டு அனுப்பப்பட்டு, புத்தளத்தில் பல வருடங்கள் இருந்துவிட்டுத் திரும்பி வந்து, தகப்பன் கடை வைத்திருந்த தெருவிலேயே மறுபடி கடை திறந்தவர். நாங்கள் மலிந்த கோப்பைகளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் அவற்றை வாங்கி மேசையில் வைத்துவிட்டு உள்ளேயிருந்து விளிம்பு மடித்த பாரமான கோப்பை ஒன்றைக் கொண்டுவந்தார்.

"இதை எடுங்க. நாங்க திரும்பி வந்த வருசம், ஒரு வீட்டிலை எங்கடை வாப்பா வித்த அண்டாவிலை தண்ணி பிடிச்சு வைச்சிருந்தாங்க. அடியிலை கடையின்ரை முத்திரை அப்பிடியே இருந்தது. நல்ல சாமான் ஆளை விடக் கூட நாள் இருக்கும்."

அந்தக் கோப்பையைத்தான் வாங்கினோம். யோசித்ததை விடக் குறைவாகத்தான் வாங்க முடிந்தது.

தொடக்கத்தில் எங்களுக்கு மிகவும் துணையாக நின்றவர் எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற ஒரு பள்ளிக்கூட அதிபர். எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். கோயில் கூட்டத்திலும் வாசிகசாலைக் கூட்டத்திலும் எழுந்து நின்று, "இந்தப் பிள்ளையள் செய்யிறது பெரிய காரியம். நாங்கள் நிலத்துக்கு நஞ்சு வைச்சுக்கொண்டு இருக்கிறம்," என்று பேசினார். அவர் சொன்னதால்தான் முதல் செத்தவீடு வந்தது, இரண்டாவது வந்தது. லாண்ட்மாஸ்ரர் என்கிற, பெட்டி பூட்டிய சிறிய உழவு இயந்திரம் வைத்திருந்த ஒரு தம்பி கோப்பைகளை ஏற்றி இறக்க வந்தான். நான் கூட்டுறவுக் கடை வேலையை விட்டேன்.

எச்சில் கூடைகள் வந்து இறங்கியதும் முதலில் சோற்றை வழித்துத் தனியே எடுப்போம். அது ஒரு ஆட்டுப் பண்ணைக்கும் எங்கள் உரக் குழிக்கும் போகும். பிறகு தேசிக்காய்த் தோலும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, கிடாரத்தில் கொதிக்கும் தண்ணீரில் அமுக்கி எடுத்து, வெயிலில் அடுக்குவோம். கழுவின தண்ணீர் மணலும் கரியும் போட்ட குழி வழியாக வாழைக்குப் போகும்.

கழுவத் தொடங்கிய பிறகுதான் சனம் எவ்வளவு எறிகிறது என்பது தெரிந்தது. ஒரு வீட்டில் எல்லாக் கோப்பையிலும் அதே கத்தரிக்காய்க் குழம்பு தொடாமல் இருக்கும். இன்னொரு வீட்டில் மூன்றாவது இனிப்பு அப்படியே வரும். மச்சாள் அதை மனதில் வைத்திருந்து, அடுத்த முறை யாராவது கோப்பைக்குச் சொல்ல வந்தால், "கறி அஞ்சு காணும். ஏழு வைச்சால் ரெண்டு எங்கடை குழிக்குத்தான் வரும்," என்பார். சிலர் முகம் சுளித்தார்கள். சிலர் குறைத்தார்கள்.

அடுத்த வருடம் அதிபரின் மனைவி இறந்துபோனார். நல்ல மனிசி. எங்களைக் கண்டால் கூப்பிட்டுத் தேத்தண்ணி தருவார். செத்தவீட்டுக்குப் போய் நானும் மச்சாளும் அழுதோம். அந்தியேட்டிக்கு எங்கள் கோப்பைதான் என்று அதிபர் அன்றைக்கே சொல்லியிருந்தார்.

அந்தியேட்டிக்கு முந்தின வாரம் ஒரு குடியிருப்பில் ஒரு வயதானவரின் செத்தவீட்டுக்குக் கோப்பை அனுப்பினோம். எங்கள் ஊரிலிருந்து ஒரு வயல்வெளி தாண்டினால் அந்தக் குடியிருப்பு. அங்கே வழக்கமாக யாரும் எங்கள் ஊரிலிருந்து சாப்பிடப் போவதில்லை. அவர்கள் வந்தாலும் எங்கள் வீடுகளில் முன்பு வேறு பாத்திரத்தில்தான் கொடுத்தார்கள். அதைப் பற்றி யாரும் கதைப்பதில்லை.

மறுநாள் அதிபர் மச்சாளுக்குப் போன் எடுத்தார். நாங்கள் வெயிலில் கோப்பை அடுக்கிக்கொண்டிருந்தோம். மச்சாளின் கை ஈரம். போனை ஸ்பீக்கரில் போட்டுக் கிணற்றுக்கட்டின்மேல் வைத்தார்.

"பிள்ளை, உங்கடை கோப்பையள் நேற்று எங்கை போனது?"

மச்சாள் அந்த இடத்தின் பெயரைச் சொன்னார்.

"நான் ஒண்டும் நினைக்கேல்லை, பிள்ளை. ஆனால் எங்கடை ஆக்கள் கனபேர் வருவினம். வயது போனதுகள். நீங்கள் அங்கை போனதைப் புறம்பா எடுத்து வைச்சிட்டு மிச்சத்தைத் தாங்கோவன்."

அவர் சாதி என்ற சொல்லைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. லாண்ட்மாஸ்ரர் தம்பி மச்சாளின் முகத்தைப் பார்த்து, 'ஓம் எண்டு சொல்லுங்கோ, ஆருக்குத் தெரியப்போகுது' என்று கையால் சைகை காட்டினான்.

மச்சாள் போனைக் கையில் எடுத்தார். "ஐயா, எங்களிட்டை ஒரே அடுக்குத்தான் இருக்கு. எல்லாரும் அதிலைதான் சாப்பிடினம். கொதி தண்ணியிலை கழுவினது. உங்களுக்கு விருப்பமெண்டால் அனுப்புறன்."

"வடிவா யோசிச்சுச் சொல்லு, பிள்ளை."

"யோசிச்சுத்தான் சொல்லுறன், ஐயா."

அவர் போனை வைத்துவிட்டார். அதிபரின் மனைவியின் அந்தியேட்டியில் லஞ்ச் சீற் போட்டார்கள். நாங்கள் இருவரும் போனோம். போகாமல் விடுவது அந்த மனிசிக்குச் செய்யும் மரியாதை இல்லை என்றார் மச்சாள். சாப்பிட்டோம். அதிபர் எங்களை வாங்கோ என்றார், அதற்குமேல் கதைக்கவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் ஊரிலிருந்து கோப்பைக்கு யாரும் வரவில்லை. யாரும் சண்டை பிடிக்கவுமில்லை. "இந்த முறை வேறை இடத்திலை சொல்லிப்போட்டம்," என்பார்கள். "சனம் கொஞ்சம்தான்," என்பார்கள். கோப்பைகள் சாக்கு மூடி அறைக்குள் இருந்தன. தூசு துடைக்க நான் மட்டும் இடைக்கிடை உள்ளே போவேன். லாண்ட்மாஸ்ரர் தம்பி மணல் ஏற்றப் போய்விட்டான். மச்சாள் ஒரு வீட்டில் சமைக்கப் போனார். ஒருநாள், இரண்டாவது அடுக்கு ஒன்று வாங்கிப் புறம்பாக வைப்போமா என்று அவரே கேட்டார். நான் பதில் சொல்வதற்குள், "வேண்டாம், சும்மா கேட்டனான்," என்று எழும்பிப் போய்விட்டார்.

அப்படியிருக்கும்போது அந்தக் குடியிருப்பிலிருந்து ஒரு பெண் வந்தார். நாங்கள் கோப்பை அனுப்பிய செத்தவீட்டுப் பெரியவரின் மகள். முன்பள்ளி ஆசிரியை. வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொல்லி இரண்டாவது தரம் கூப்பிட்ட பிறகுதான் வந்து கதிரையின் நுனியில் இருந்தார்.

"எங்களாலை உங்கடை உழைப்புப் போச்சுதெண்டு கேள்விப்பட்டன்," என்றார். "நீங்கள் எங்களுக்கெண்டு கொஞ்சக் கோப்பையைப் புறம்பா வைச்சிருங்கோ, அக்கா. நாங்கள் ஒண்டும் நினைக்க மாட்டம். எங்களுக்குப் பழகினதுதானே."

மச்சாள் அழுததை நான் அண்ணையின் செத்தவீட்டில்தான் கடைசியாகப் பார்த்திருந்தேன். அன்று பார்த்தேன். அழுதபடியே எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டு, வீட்டில் நாங்கள் குடிக்கும் தம்ளரில் கொண்டுவந்து கொடுத்தார்.

"நீங்கள் உப்பிடிச் சொல்லாதேங்கோ," என்றார். "அப்பாவின்ரை சோறு அந்தக் கோப்பையிலை போட்டது எங்களுக்கு நல்ல காரியம்."

அந்தப் பெண் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். போகும்போது அவருடைய முன்பள்ளி விளையாட்டுப் போட்டிக்குக் கோப்பையும் தம்ளரும் வேண்டும் என்றார். அதுதான் மறுபடி தொடக்கம். அங்கு வந்த தாய்மார் கண்டு, வேறு முன்பள்ளிகள் கேட்டன. ஒரு தேவாலயத் திருநாள் வந்தது. நெல்லியடியில் ஒரு கலியாணம், வல்வெட்டித்துறையில் ஒரு அந்தியேட்டி என்று கோப்பைகள் தூரம் போகத் தொடங்கின. யாராவது சொல்ல வரும்போது இப்போதெல்லாம் மச்சாளே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார்: "எங்களிட்டை ஒரே அடுக்குத்தான். எல்லா வீட்டுக்கும் போகும்." அதைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனவர்களும் இருக்கிறார்கள்.

போன திருவிழாவுக்கு எங்கள் ஊர்க் கோயில் நிர்வாகம் வளவுக்குள் பொலித்தீன் வேண்டாம் என்று முடிவெடுத்தது. நிர்வாகத்தில் இளம் ஆக்கள் சேர்ந்திருந்தார்கள். அன்னதானத்துக்குக் கோப்பை கேட்டு வந்தவர்களிடமும் மச்சாள் அதையே சொன்னார். "சுடுதண்ணியிலை கழுவினதோ எண்டு மட்டும்தான் கேப்பம், அக்கா," என்றார் வந்தவர்.

அன்னதானத்தன்று கோயில் மடத்துக்குள் பந்தி இருத்தினார்கள். நான் பருப்பு வாளியோடு போனேன். மூன்றாவது வரிசையில் அதிபர் இருந்தார். நன்றாக மெலிந்திருந்தார். முன்னால் கோப்பை, அதில் இன்னும் ஒன்றும் போடவில்லை. என்னைக் கண்டதும் தலையை நிமிர்த்தினார்.

"பிள்ளை, ஒரு இலை இருந்தால் தா."

பின்பக்கம் படையலுக்கு வெட்டி வைத்திருந்த இலைகளில் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் அதைக் கோப்பையின்மேல் விரித்தார். பக்கத்தில் இருந்த அவருடைய பேத்தி வெறும் கோப்பையில் சோறு வாங்கிப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவர் அவளைத் தடுக்கவில்லை. குனிந்தபடி சாப்பிட்டார்.

எழும்பி இலையைப் போட்டவர், கோப்பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கூடையடியில் நின்ற மச்சாள் போய்க் கையை நீட்டினார்.

"தாங்கோ, ஐயா."

"நல்லாத்தான் செய்யிறியள்," என்றார் அவர். பிறகு, "மனிசி இருந்தால் சந்தோசப்பட்டிருப்பா."

"ஓம், ஐயா," என்றார் மச்சாள். அதிபர் இன்னும் ஏதோ சொல்ல இருப்பது போல நின்றார். பேத்தி வந்து கையைப் பிடித்து இழுக்க, போய்விட்டார்.

பின்னேரம் கிணற்றடியில் கழுவ இருந்தோம். இலை விரித்திருந்த அந்தக் கோப்பையில் ஒரு பருக்கை இல்லை, ஒரு சொட்டுக் குழம்பு இல்லை. கழுவத் தேவையில்லை என்று நான் ஒரு பக்கம் வைத்தேன். மச்சாள் அதை எடுத்து, மற்றக் கோப்பைகளோடு சேர்த்துக் கொதிதண்ணீருக்குள் போட்டார்.