இரண்டாம் டிவிஷனுக்குப் பாதிப் புள்ளி

கழக்கூட்டம் ஐடி பார்க்கில் எனக்குக் கிடைத்த வேலை, கடல் தாண்டி எங்கேயோ நடக்கும் குதிரைப் பந்தயங்களின் முடிவுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது. நான் குடியிருக்கும் ஸ்ரீவராகம் தெருவில் கேட்பவர்களிடம் "சாஃப்ட்வேர்" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். குதிரையைக் கிட்டத்தில் பார்த்ததுகூடக் கிடையாது.

ஒரு பந்தயத்துக்கு அளவுக்கு மீறிக் குதிரைகள் பெயர் கொடுத்துவிட்டால் அதை இரண்டாகப் பிரித்து ஓட்டுவார்கள். முதல் டிவிஷன், இரண்டாம் டிவிஷன். ஜெயித்த குதிரைக்குப் பத்துப் புள்ளி, அடுத்ததற்கு ஆறு, மூன்றாவதற்கு நான்கு. கடைசியில் அதிகப் புள்ளி வாங்கிய பன்னிரண்டு குதிரைகள் இறுதிப் பந்தயத்துக்குப் போகும். அந்தப் பட்டியலை அனுப்பியது நான்.

மறுநாள் காலை ஒரு பயிற்சியாளரிடமிருந்து மெயில் வந்தது. 'எங்கள் பெண் குதிரை ஜெயித்தாள். பத்துக்குப் பதில் ஐந்து ஏன்? பட்டியலில் அவள் ஏன் இல்லை?'

ஐந்து போட்டவளும் நான்தான். யாரும் சொல்லித் தரவில்லை. நான் படித்த பள்ளிக்கூடத்தில் ஏ டிவிஷன் என்றால் கெட்டிக்காரர்கள், பி டிவிஷன் என்றால் மிச்சம் மீதி. வருஷக்கணக்காக பி-யில் உட்கார்ந்தவள் நான். முதல் மார்க் வாங்கினாலும் "பி-யிலதானே" என்பார்கள். இரண்டாம் டிவிஷனில் ஜெயித்த குதிரைக்குப் பாதி போதுமென்று கை தானாகவே போட்டிருக்கிறது. பயந்துகொண்டே விதிப்புத்தகத்தைத் திறந்தேன். சீட்டுக் குலுக்கிப் பிரிப்பார்களாம். இரண்டும் சமமாம். இரண்டுக்கும் முழுப் புள்ளியாம்.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். யானைக்கு வேலை போகாது. எனக்கோ வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு மாதம் இருந்தது. மெயிலைப் பார்க்காதது போல் இருந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. எழுந்து டீம் லீடிடம் போனேன். அவளும் என்னைப் போலத் தமிழ் வீட்டுக்காரிதான், கரமனையில்; மலையாளம் கலந்துதான் பேசிக்கொள்வோம்.

"சேச்சி, எனக்கு ஒரு தெத்து பத்திப் போச்சு, பெரிய தப்பு."

விஷயத்தைச் சொன்னதும் அவள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். "அய்யோ! ரெண்டு டிவிஷனும் ஒண்ணல்லோ? இந்தப் பாதியை நீ எங்கேந்து கொண்டுவந்தாய்?"

"ஸ்கூல்லேந்து."

அவள் சிரிக்கவில்லை. "மூணு மணிக்கு லிஸ்ட் அடைச்சுடுவா, கேட்டியா. போய் மாத்து."

ஐந்தைப் பத்தாக்கினேன்; அதே டிவிஷனில் இரண்டாவது, மூன்றாவது வந்தவற்றுக்கும் முழுப் புள்ளி போட்டேன், அவை பட்டியலை எட்டவில்லை. பெண் குதிரை ஒன்பதாம் இடத்துக்கு ஏறினாள். அப்பாடா என்று மூச்சு விட்டேன். பட்டியலின் அடியில் சிவப்பாக ஒரு வரி வந்தது: பதின்மூன்று குதிரைகள், ஒன்றை நீக்கவும். பன்னிரண்டாவதாக இருந்த குதிரையை நான் நினைத்தே பார்க்கவில்லை. தேர்வாகிவிட்டதென்று அதன் ஆட்களுக்கு முந்தின நாளே செய்தி போயிருந்தது.

"இதை யாரு எடுக்கறது, சேச்சி?"

"போட்டது நீயல்லோ. நீயே எடு."

எடுத்தேன். செய்தி அனுப்பினேன். கால் மணி நேரத்தில் பதில் வந்தது. 'நேற்றே குதிரையை வண்டியில் ஏற்றிக் கிளம்பிவிட்டோம். வழியில் இருக்கிறோம். நாங்கள் என்ன தப்பு செய்தோம்?'

அதற்கும் நானே பதில் எழுத வேண்டும் என்றாள் லீட். தப்பு உங்களுடையதல்ல, மன்னிக்கவும், திரும்பிப் போங்கள் என்று எழுதினேன். கீழே என் பெயரைப் போடப் பயமாக இருந்தது. கம்பெனி பெயரைப் போட்டு அனுப்பிவிட்டேன்.