திரையில் தெரியாத மஞ்சள்

என் பழைய போனை வெயிலில் பார்க்க வேண்டுமென்றால் முந்தானையை எடுத்துத் தலைக்கு மேல் கூடாரம் போட்டுக்கொள்ள வேண்டும். கச்சிராயபாளையத்தைத் தாண்டி, மலையடிவாரத்தில் கிராம நர்சாக இருக்கிறேன். வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளையும் பிள்ளை பெற்றவர்களையும் பார்த்து, விவரத்தை அங்கேயே நின்று போனில் ஏற்றுவது வேலை. பதினொரு மணி வெயிலில் கரும்புக் கொல்லை வரப்பில் நின்றால் அந்தத் திரையில் தெரிவது என் மூஞ்சி மட்டும்தான். ஏழாம் மாதக்காரியை ஒன்பதாம் மாதம் என்று தட்டிவிட்டு, அதைத் திருத்த இரண்டு நாள் அலைந்திருக்கிறேன். "நர்சம்மா முக்காடு போட்டுக்கினாங்க, யாரும் பேசாதீங்க" என்று ஊரில் கிண்டல் வேறு.

சங்கராபுரத்தில் என் கொழுந்தன் போன் கடை வைத்திருக்கிறான். என் புலம்பலைக் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"இன்னா அண்ணி, இன்னும் பழைய எல்சிடி திரைய வச்சிக்கினு கஷ்டப்படறீங்க? ஆமோலெட் திரை வச்ச போனா வாங்குங்க. உச்சி வெயில்லயும் பளிச்சுனு தெரியும்."

வாங்கினேன். அவன் பொய் சொல்லவில்லை. வெயிலில் தெரிந்தது. கருப்பு கருப்பாக இருந்தது, எழுத்து எழுத்தாக இருந்தது, முந்தானை அதன் வேலையை மட்டும் பார்த்தது. முதல் வாரம் பார்க்கிறவர்களிடமெல்லாம் என் கொழுந்தனை மெச்சினேன்.

இரண்டாம் வாரம் தலைவலி ஆரம்பித்தது. பகலில் ஒன்றும் இல்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, மிச்சம் மீதியை ஏற்றலாம் என்று உட்கார்ந்தால், அரை மணி நேரத்தில் வலது கண்ணுக்குப் பின்னால் குத்தத் தொடங்கும். கண் டாக்டரிடம் போனேன். கண்ணாடி சரியாகத்தான் இருக்கிறது என்றார். வெளிச்சம்தான் ஜாஸ்தி போல என்று திரையை மங்க வைத்தேன். மங்க வைக்க வைக்க வலி கூடியது. எரிச்சலில் மறுபடியும் கொழுந்தனிடம் போனேன்.

"அது சில பேருக்கு ஒத்துக்காது அண்ணி. வெளிச்சத்தக் கம்மி பண்ணா இந்தத் திரை அணைஞ்சு அணைஞ்சு எரியும். கண்ணுக்குத் தெரியாது, ஆனா தல வலிக்கும்."

"இத வாங்கும்போது ஏன்டாப்பா சொல்லல?"

"நீங்க வெயிலப் பத்தி மட்டுந்தானே கேட்டீங்க?"

அந்தப் பதிலுக்கு அவனை அங்கேயே நாலு சாத்து சாத்தியிருக்க வேண்டும். எல்லாக் கேள்வியையும் நான்தான் கேட்க வேண்டும் என்றால் கடையில் அவன் எதற்கு?

சரி, வெளியில் புது போன், வீட்டில் பழைய போன் என்று ஒரு வாரம் இரண்டையும் தூக்கிச் சுமந்தேன். இதில் உள்ளே போக ஓடிபி எண் கேட்கும், அந்த எண் அதில் வந்து விழும். அதைத் தேடி எடுப்பதற்குள் இது என்னை வெளியே தள்ளிவிடும். ஒரு கைப்பிள்ளைக்காரி என்னைப் பார்த்து, "ரெண்டையும் சேத்து ஒரு தட்டு தட்டுங்க நர்சம்மா" என்றாள். சிம்மைப் புதியதில் போட்டுவிட்டுப் பழையதைப் பீரோவில் வைத்துவிட்டேன்.

கடைசியில் கொழுந்தனே ஒரு வழி சொன்னான். "கண் பாதுகாப்பு" என்று ஒன்று இருக்கிறதாம். திரையில் நீலத்தைக் குறைத்துவிடுமாம். நாள் முழுக்க இருக்கிற மாதிரி அவனே போட்டுவிட்டான். திரை மஞ்சளடித்துப்போய், பழைய கல்யாணப் பத்திரிகை போல ஆனது. தலைவலி கொஞ்சம் குறைந்தது, அல்லது குறைந்ததாக நானே நினைத்துக்கொண்டேன். மூன்று நாளில் அந்த மஞ்சள் என் கண்ணுக்குப் பழகிவிட்டது. அது போட்டிருக்கிறது என்பதையே மறந்துபோனேன்.

அந்த மாதம்தான் வடக்கனந்தலில் வாழ்க்கைப்பட்ட ஒரு பெண், தலைப்பிரசவம் முடிந்து, மலைமேல் இருக்கும் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். பிள்ளை பிறந்த நான்காம் நாள் நான் போய்ப் பார்க்க வேண்டும். அன்று நல்ல மழை. மலைப்பாதையில் மரம் விழுந்து பஸ் ஏறவில்லை. குழந்தையைப் படம் எடுத்து அனுப்புங்கள் என்று சொன்னேன். அவள் வீட்டுக்காரர் நெட் கிடைக்கிற மேடு வரை நடந்து போய் அனுப்பினார்.

வெள்ளைத் துணியில் கிடத்தியிருந்தார்கள். கண்ணைத் திறந்திருந்தது. பெரிதாக்கியும் பார்த்தேன். துணி, சுவர், குழந்தை எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தன. "ஒண்ணும் இல்ல, நல்லா இருக்குது" என்று போட்டேன். அந்தத் தைரியத்தில் மறுநாளும் போகவில்லை. வேறு வேலை இருந்தது. ஆறாம் நாள்தான் ஏறினேன்.

வாசல் வெளிச்சத்தில் குழந்தையைத் தூக்கிப் பிடித்தேன். கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது. நெஞ்சில் விரலால் அழுத்தி எடுத்தால் மஞ்சள், தொடையில் அழுத்தினாலும் மஞ்சள். பால் குடிக்காமல் தூங்கி வழிந்தது. ஆம்புலன்ஸை வரவழைத்துக் கள்ளக்குறிச்சிக்குக் கிளம்பினோம். வழியில் அந்தப் படத்தைத் திறந்தேன். அப்போதும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகுதான் ஞாபகம் வந்து கண் பாதுகாப்பை அணைத்தேன். துணி வெள்ளையானது. குழந்தை மட்டும் மஞ்சளாகவே இருந்தது. இரண்டு நாளாக அந்த மஞ்சள் என் கையிலேயே இருந்திருக்கிறது.

கொழுந்தனைக் கூப்பிட்டுக் கத்தினேன். வெயிலுக்குக் கேட்டேன், கொடுத்தான். தலைவலிக்குக் கேட்டேன், அதற்கும் கொடுத்தான். போனைத் தூக்கி வண்டிக்கு வெளியே எறியலாம் என்று இருந்தது. ஆனால் குழந்தையைப் போய்ப் பார்க்காமல் இருந்தது போன் இல்லை, நான். அந்தக் கோபத்தை எறிய இடமில்லை.

மஞ்சள் காமாலைக்காக ஆஸ்பத்திரியில் மூன்று நாள் நீல விளக்கின் கீழ் வைத்திருந்தார்கள். மஞ்சள் இறங்கியது, குழந்தை இழுத்துப் பால் குடித்தது. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் சிரமம் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். வெளியே பெஞ்சில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, "போன்ல நான் சரியாப் பாக்கலம்மா, என் தப்புதான்" என்றேன். அவள் கோபப்படவில்லை.

"எனக்கு அன்னிக்கே மஞ்சளாத்தாங்க தெரிஞ்சுது. மரத்த எடுத்ததும் மொத பஸ்ல கீழ எறங்கிடலாம்னு துணியெல்லாம் மூட்ட கட்டி வச்சிட்டேன். அப்பத்தான் நீங்க ஒண்ணும் இல்லன்னு அனுப்புனீங்க. நர்சம்மாவே சொல்றாங்களேன்னு மூட்டைய அவுத்துட்டேங்க."