இறக்கையில் நான் போட்ட தையல்

போன வருடம், வறண்ட கச்சான் காற்று வீசத் தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பு, மூதூர்ப் பக்கத்து வெட்டைவெளி ஒன்றில் நடந்தது இது.

நான் பாலையூற்றில், வீட்டில் இருந்தபடி சட்டை தைப்பவள். ஆட்களோடு அதிகம் கதைக்க மாட்டேன். துறைமுகப் பக்கம், விமான மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், எஞ்சின் இல்லாத கிளைடர் ஒன்றைத் தானே வரைந்து செய்துகொண்டிருந்தார். அதில் ஒரே ஒரு இருக்கைதான். முதலில் செய்த இறக்கை பாரம் கூடிவிட்டதென்று கழற்றிப் போட்டு, மெல்லிய மரச் சட்டங்களால் இன்னொன்று செய்தார். அதற்குத் துணி போர்த்தி, ஒவ்வொரு சட்டத்தோடும் சேர்த்துக் கையால் தைக்க என்னைக் கூப்பிட்டார்.

“ரெண்டு விரலுக்கு ஒரு முடிச்சு, தங்கச்சி. முடிச்சு விட்டா துணி பலூன் மாதிரி எழும்பும். பிறகு நான் இல்லை.”

“ஒரு கதிரைதான் வச்சிருக்கார். என்னை ஏத்தாமத் தப்பத்தான் இந்த வேலை” என்று பகிடி விட்டுச் சிரித்தார் அவருடைய மனைவி.

கடைசி மூன்று சட்டங்களுக்கு வரும்போது அவர் தந்த மெழுகு நூல் முடிந்துவிட்டது. கேட்கக் கூச்சம். சட்டை தைக்கையில் நூல் தீர்ந்தால், கையில் இருப்பதை வைத்து முடிப்பது என் பழக்கம். அப்படியே சட்டை நூலை நாலாக மடித்துத் தைத்துவிட்டேன். மேலே வார்னிஷ் பூசியதும் வித்தியாசம் தெரியவில்லை.

அதன்பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சொல்லத்தான் போவேன், தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பி வருவேன்.

பறக்கும் நாள் காலையில் அவர் உள்ளே ஏறி, பெல்ட்டும் போட்டுவிட்டார். கிளைடரை இழுத்து மேலே எழுப்பும் பிக்கப்பில் கயிறு கட்டியாயிற்று. அவருடைய மனைவி அன்றைக்குப் பகிடி ஒன்றும் விடாமல், பயத்தோடு அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தைப் பார்த்ததும் போய் இறக்கையைப் பிடித்துக்கொண்டேன்.

“நானா” என்று அவரை அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டேன். “இறங்குங்கோ. நூல் பிழை.”

“என்ன நூல்?”

“சட்டை நூல்.”

பிக்கப் ஓட்டுபவர் சிரித்தார். “அப்ப ரெண்டு பட்டனும் வச்சிருக்கலாமே, அக்கா.”

நானா கிளைடரிலிருந்து இறங்கி வந்து, துணியைக் கொஞ்சம் கீறி முடிச்சை இழுத்தார். அது கையோடு வந்தது.

“எத்தினை சட்டம்?”

“மூண்டு.”

“மூண்டுதானா?”

“ஓம்.”

மெழுகு நூல் உருண்டை ஒன்றை எடுத்து என்னிடம் தந்தார். அந்த மூன்றையும் நானே பிரித்து, மெழுகு நூலால் தைத்துக் கொடுத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் பனை உயரத்துக்கு எழும்பி, வெட்டையின் மறுபக்கத்தில் இறங்கினார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் ஓடிப்போய் அந்த மூன்று சட்டங்களையும் விரலால் தடவிப் பார்த்தேன்.

அவர் என்னை ஏசியிருந்தால் மறந்திருப்பேன். மற்றச் சட்டங்களில் ஒன்றைக்கூடப் பிரித்துப் பார்க்காமல், ஒருமுறை மறைத்தவளின் வாய்ச்சொல்லை நம்பி அவர் தனியாக மேலே போனாரே, அந்த நம்பிக்கைக்கு நான் தகுதியானவள்தானா என்று இன்னும் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.