கூப்பிடக் கற்றுக்கொடுத்தேன்

லீட்ஸ் நகரத்துப் பள்ளியில் எனக்குச் சம்பளம் கொடுப்பதே சும்மா உட்கார்ந்திருக்கத்தான் என்றால் ஊரில் யாரும் நம்பமாட்டார்கள். கைகால் தம் வசத்தில் இல்லாத பிள்ளைகளுக்கு ஸ்விட்ச் பழக்கும் வேலை. உள்ளங்கை அகலப் பொத்தான் அது; பிள்ளை கையாலோ கன்னத்தாலோ அழுத்தினால், பதிந்து வைத்த குரல் அவர்களுக்காகப் பேசும். சேர்ந்த புதிதில், திணறிய ஒரு பிள்ளையின் கையைப் பிடித்து நானே அழுத்திவிட்டேன். கூட வேலை செய்யும் வெள்ளைக்காரி, "இப்போது பேசியது யார்?" என்று கேட்டாள். "நான் வாயே திறக்கவில்லையே!" என்றேன். அவள் சிரித்துவிட்டு, தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக் காட்டினாள். பிள்ளை தானாக அழுத்தும்வரை நம் கை சும்மா இருக்கவேண்டும் என்று அவள் சொல்ல வந்தது எனக்கு விளங்க ஒரு வாரம் ஆயிற்று.

இந்த லீவில் மாமல்லபுரத்துக்குத் தெற்கே எங்கள் குப்பத்திலும் அதே வேலைதான். தங்கை செல்வியின் மகள் நிலாவுக்குப் பேச்சு இல்லை, உடம்பு விறைத்துக்கொள்ளும், ஆனால் எல்லாம் புரியும். போன மழைக்காலத்தில் அவளுக்குப் புரையேறி மூச்சுத் திணறியபோது செல்வி பின்புறம் மீன் அலசிக்கொண்டிருந்தாள். ஏதோ எடுக்க உள்ளே வந்ததால் பிள்ளை பிழைத்தது. போனில் அதைக் கேட்டதிலிருந்து எனக்கு நிம்மதியே இல்லை. உடம்புக்கு முடியாதபோது கூப்பிட அவளுக்கு ஒரு வழி வேண்டும், அதுவும் நான் திரும்ப விமானம் ஏறுவதற்குள். லீட்ஸிலிருந்து ஒரு ஸ்விட்ச் கொண்டுவந்திருந்தேன்.

"என் கொரலு எனுக்கே புடிக்காது, நீயே பேசுக்கா" என்று செல்வி ஒதுங்கிக்கொள்ள, "இங்க வா" என்று நானே பதிந்தேன். நிலா தலையை இடப்பக்கம் திருப்புவாள். அதனால் நாற்காலியில் கன்னத்தருகே ஸ்விட்ச்சை வைத்து, அவள் அப்பா வலைக்கயிற்றால் இறுகக் கட்டினார். பிறகு காத்திருந்தோம். காத்திருப்பதா, எங்கள் வீட்டிலா! நிலா முகம் சுளிக்கும் முன்பே செல்வி தண்ணீரோடு நிற்பாள். மீன் விற்கப் போகிற பெண்களெல்லாம் கூடையை இறக்கிவிட்டு வந்து பார்ப்பார்கள். "இன்னாக்கா, சும்மா பாத்துகினு குந்திகினுகீற? தலைய புடிச்சி அமுக்கி வுடேன்" என்பாள் பக்கத்து வீட்டு மேரி. அமுக்கியும் விடுவாள். உடனே எல்லாரும் கைதட்டுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அரிசில வெரல புடிச்சி 'அ'னா எழுத வெக்கிறோமே, அத்த மாரிதானக்கா?" என்றாள் செல்வி.

"அப்புறம் வெரல விட்டுடுவோம்ல? நீங்க விடவே மாட்டேன்றீங்களே!" என்று கத்திவிட்டேன். செல்வி அழுதாள். "தவிக்கற புள்ளைய பாத்துகினு கைய கட்டிகினு நிக்க என்னால முடிலக்கா" என்றாள். அவளை என்ன சொல்வது? வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் நானும் அப்படித்தானே இருந்தேன். லீவு கரைந்துகொண்டே போனது. நிலா ஒருமுறைகூடத் தானாக அழுத்தவில்லை. பெட்டி கட்டத் தொடங்கினேன். பாவம், பிள்ளைக்கு இல்லாத ஆசை காட்டிவிட்டேனோ என்று பயமாக இருந்தது.

கிளம்புகிற நாள், தெருமுனையில் டாக்ஸி நின்றது. வீடே வாசலுக்கு வந்துவிட்டது. செல்வி கருவாட்டுப் பொட்டலத்தை என் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். அப்போது உள்ளேயிருந்து, "இங்க வா."

உள்ளே நிலாவைத் தவிர யாரும் இல்லை. செல்வி பொட்டலத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். பின்னாலேயே நானும் ஓடினேன். நிலா அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தபடி கன்னத்தைத் திருப்பி மறுபடி அழுத்தினாள். "இங்க வா." கிட்டே போய் அவளைக் கட்டிக்கொண்டேன். "அழுத்திட்டாக்கா, அவளே அழுத்திட்டா!" என்று செல்வி தேம்பினாள். டிரைவர் வாசலில் வந்து நின்றார். "மேடம், லேட்டாய்கினு கீது. ஜிஎஸ்டி ரோட்ல டிராஃபிக் வேற."

வண்டியில் ஏறினேன். நிலா நிறுத்தவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு, தெரு திரும்பும்வரை கேட்டுக்கொண்டே போனேன், என்னுடைய குரல் என்னை "இங்க வா, இங்க வா" என்று கூப்பிடுவதை.