கேட்டில் தூக்கிய கைகள்

மூடிய மில்லின் கேட்டில், எங்கள் சங்கத் தலைவரின் இரங்கல் கூட்டத்துக்கு வந்தவர்கள்: கேட்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் கண்ணன். மில்லில் பஞ்சு உடைக்கும் பிரிவில் இருந்த கலியபெருமாள், இப்போது தட்டாஞ்சாவடியில் வாட்ச்மேன். நூல் சுற்றும் பிரிவில் இருந்த அஞ்சலை அக்கா, அரியாங்குப்பத்திலிருந்து பஸ் பிடித்து வந்தார். தலைவரின் மகன். அப்புறம் நான்.

போட்டோவுக்கு மாலை போட்டதும் கலியபெருமாள் இருமினார். பஞ்சு இருமல். அதைக் கேட்டால் எனக்கு மில் ஞாபகம் வந்துவிடும். ஷிப்ட் விட்டால் எல்லோர் தலையிலும் பஞ்சு. இருபது வயதிலேயே நரை. இப்போது எனக்கு முடியே இல்லை, அது வேறு கதை.

அந்தத் தலைகளுக்கு நடுவே தலைவர் கூடையைக் கவிழ்த்து ஏறி நிற்பார். அவரும் எங்களோடு மிஷின் ஓட்டியவர்தான். எந்த முடிவும் கேட்டில்தான், கை தூக்கித்தான்.

ஒருநாள் தலைவரையே தேர்தலுக்கு அனுப்பலாமா என்று சங்கத்தில் கேட்டார்கள். எல்லாக் கையும் மேலே. நான் இரண்டு கையையும் தூக்கினேன். அஞ்சலை அக்கா மட்டும் தூக்கவில்லை.

"இன்னாக்கா, கை சுளுக்கா?" என்றார் கலியபெருமாள்.

அக்கா தலைவரைப் பார்த்தார். "நீ அங்க போய்ட்டா இங்க யாரு தம்பி நிக்கறது?"

எல்லோரும் சிரித்தோம். தலைவரும்.

ஜெயித்தார். முதலில் வாராவாரம் வந்தார். அப்புறம் கார் வாங்கினார், வருவது குறைந்தது. மில்லுக்குப் பூட்டு போட்ட காலையில் கூடை இருந்தது, ஏற ஆளில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். சாயங்காலம்தான் தலைவர் வந்தார்.

"சட்டசபையில இன்னைக்கு பேசிக் கிழிச்சிட்டேன்."

"சட்டசபையிலயா தம்பி நூலு ஓடுது?" என்றார் அக்கா.

தலைவர் கெட்டவர் இல்லை. கடைசிவரை மில்லைத் திறக்கச் சொல்லி மனு கொடுத்தார். மறுபடியும் மில் சங்கு ஊதும் என்று நானும் வேறு வேலை தேடாமல் உட்கார்ந்திருந்தேன். இன்றுவரை எரிகிறது. யாரைத் திட்டுவது? அனுப்பியது எங்கள் கை.

இப்போது சங்கு இல்லை, மிஷின் இல்லை, கூடையும் இல்லை. கேட்டுக்கு உள்ளே முள்ளுச்செடி.

மகன் பேசினார். "அப்பாவுக்கு இந்தக் கேட்டுகிட்ட ஒரு சிலை வைக்கச் சொல்லி அரசாங்கத்துல கேக்கலாம்னு இருக்கேன். சம்மதம்னா கை தூக்குங்க."

முதலில் தூக்கியது அக்கா. கலியபெருமாள் வாயைப் பிளந்தார்.

"இன்னாடா பாக்கற? இனிமே தம்பி எங்கயும் போவ மாட்டான்ல. இங்கயே நிக்கட்டும்."

அந்தக் காலத்தில் கேட்டில் கைகளை யாரும் எண்ணியதில்லை. எண்ண முடியாது. இன்று எண்ணிவிட்டேன்.

ஐந்து.