லட்சியப் பாரமும் அப்பா கையெழுத்தும்

ஜோசியர் ஆட்களுக்கு எதிர்காலத்தைச் சொல்வார், நான் ஆட்களிடமே அதைக் கேட்பேன்; இரண்டில் எது கஷ்டம் என்று இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும். வாரத்தில் ஐந்து நாள் மும்பையை ஒட்டிய ஐரோலியில் ஒரு கம்பெனியின் எச்.ஆர். நாற்காலியில் உட்கார்ந்து, பெரியவர்களிடம் அவர்கள் லட்சியத்தைக் கேட்பேன். ஒருத்தர்கூட உண்மையைச் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவிலிருந்து தாராவிக்குப் போய், ஒரு சின்ன ஹாலில் வகுப்பு எடுக்கிறேன் என்று பதினாறு பிள்ளைகளிடம் அதையே கேட்பேன். அவர்கள் உண்மையைச் சொல்லித் தொலைப்பார்கள். உங்களில் யாராவது பிள்ளைகளை உட்காரவைத்து லட்சியம் கேட்டிருந்தால் என் பாடு புரியும்.

ஐந்து வருஷக் கேள்வி

வகுப்பின் முதல் நாளில், ஆபீஸ் பழக்கதோஷத்தில், அஞ்சு வருஷம் கழித்து எங்கே இருப்பீர்கள் என்று போர்டில் எழுதினேன். பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தாராவியை இடித்துக் கட்டப்போகிறார்கள், அதற்கு வீடு வீடாக சர்வே என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த சமயம். என் மரமண்டையில் அது ஏறவே இல்லை. இம்ரான் எழுந்தான். அவன் அப்பாவுக்குத் தோல் பை பட்டறை. பையன் பேச்சும் கத்தரிதான். "மிஸ், அஞ்சு வருஷம் கழிச்சு எங்க வீடு எங்க இருக்கும்னு எங்களுக்கே தெரியாது. ஆறு மாசத்துக்குக் கேளுங்க, பக்கா சொல்றோம்."

வாசலில் வரிசை

சரியென்று ஆறு மாத லட்சியத்துக்கு ஒரு பாரம் தயாரித்தேன். ஆபீஸ் பாரத்தைப் பார்த்து அப்படியே காப்பி: பெயர், விலாசம், ரூம் நம்பர், வீட்டில் எத்தனை பேர், அப்புறம் லட்சியம், அதன் கீழே பெற்றோர் கையெழுத்து. என்ன காரியம் செய்கிறோம் என்று யோசிக்க வேண்டாமா நான்?

அடுத்த ஞாயிறு ஹால் வாசலில் நாற்பது பேர் வரிசை. ஆளுக்கொரு பிளாஸ்டிக் பை, அதற்குள் ரேஷன் கார்டு, லைட் பில், ஜெராக்ஸ் கட்டு. இதுதான் சர்வே பாரம், பிள்ளைகள் மூலமாக வருகிறது, நிரப்பினால்தான் புது வீடு என்று யாரோ சந்து சந்தாகச் சொல்லியிருக்கிறார்கள். அரை மணி நேரம் தொண்டை வற்ற விளக்கினேன். பாதிப் பேர் என்னைத் திட்டிக்கொண்டே கலைந்தார்கள், மீதிப் பேர் நம்பாமல் கலைந்தார்கள். ஒரு அம்மா மட்டும் நகரவில்லை. "வீடு இல்லன்னா போட்டும். காலைலேருந்து நிக்கேன், எனக்கும் ஒரு பாரம் குடுங்க. பத்தாவது எழுதணும்னு எனக்கும் ஆசை உண்டு."

பேச்சிமுத்து வீட்டு இட்லி

வகுப்பில் மாரி என்ற பெண்ணின் பாரத்தில் 'ரயில் ஓட்டணும்' என்று இருந்தது. தெளிவான பிள்ளை. பத்தாவதில் நல்ல மார்க், அதற்கான டிப்ளமாவுக்கு விண்ணப்பமும் ரெடி. அப்பா கையெழுத்து மட்டும் பாக்கி. அப்லோட் செய்யச் செவ்வாய்க்கிழமை கடைசி நாள். அப்பா பேச்சிமுத்து சைக்கிளில் வடாலா வரை போய் இட்லி விற்கிறவர். சர்வே பேச்சு கிளம்பியதிலிருந்து எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடுவதில்லை என்று சபதம். போட்டால் குடியிருக்கும் ரூம் கையை விட்டுப் போய்விடும் என்று பயம். என் பாரம் நடத்திய கூத்துக்குப் பிறகு பயம் இரண்டு மடங்காகிவிட்டது. ஆக, அந்தப் பிள்ளையின் படிப்பில் மண்ணை அள்ளிப் போட்டவள் நான்தான்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு அவர் வீட்டுக்குப் போனேன். மனிதர் தங்கம். தட்டில் நாலு இட்லி வைத்தார், சாம்பார் ஊற்றினார், மகள் பெருமையை வாய் ஓயாமல் பேசினார். விண்ணப்பத்தை நீட்டியதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "புள்ள ரயிலு ஓட்டட்டும், ஏரோப்ளேன் ஓட்டட்டும், நான் வேண்டாம்னா சொல்லுதேன்? கையெழுத்து மட்டும் கேக்காதீய."

செவ்வாய்க்கிழமை

மாரி அழவில்லை. பெரிய லட்சியத்தைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரி என்பதுதான் வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்த ஒரே உருப்படியான விஷயம். அவள் தன் பாரத்தில், முதல் படி அப்பாவின் பயத்தைப் போக்குவது என்று எழுதிவிட்டு, தனியாக ஒரு தாளை எடுத்தாள். இந்தி, இங்கிலீஷ் என்றால் பறப்பாள். தமிழ் தத்தித் தத்தித்தான். ஆனால் அப்பாவுக்குப் படிக்கத் தெரிந்தது தமிழ் மட்டும். அதனால் தமிழிலேயே எழுதினாள்: 'அப்பா கையெழுத்து மாரி படிப்புக்கு மட்டும். ரூமுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை.' கீழே அவள் கையெழுத்து. சாட்சிக்கு நான்; மாரியின் போன் வந்ததும் மறுபடி லீவு போட்டு ஓடி வந்திருந்தேன். இன்னொரு சாட்சி இம்ரான். அவன் பட்டறை ரப்பர் ஸ்டாம்பையே தூக்கிக்கொண்டு வந்து குத்தினான்.

இட்லி விற்றுத் திரும்பிய பேச்சிமுத்து அதை மூன்று தரம் படித்தார். இத்தனை வருஷம் எல்லோரும் அவரிடம் கையெழுத்து வாங்கிப் போயிருக்கிறார்கள், அவருக்கென்று யாரும் போட்டுக் கொடுத்ததே இல்லையாம். அவருக்குக் கண் கலங்கியது, எனக்கும்தான். ரேஷன் கார்டு இருக்கும் பையில் அதை வைக்கப் போனவர், திரும்பி வந்து மகளிடம் நீட்டினார். "இன்னும் ஒரு வரி எழுது. ஓட்டுத மொத ரயில்ல அப்பனை ஏத்திக்கிட்டுப் போவேன்னு. அப்பதான் நான் போடுவேன்."

அவள் எழுதினாள், அவர் போட்டார், விண்ணப்பமும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பத்தாவது எழுதப்போகும் அந்த அம்மாவையும் சேர்த்துப் பதினேழு பேருக்கு லட்சியம் கற்பித்ததில் நான் கற்றது, தாராவியில் யாரிடமாவது கையெழுத்து கேட்பதற்கு முன்னால் நம்முடையதைப் போட்டுவிட வேண்டும் என்பது மட்டும்தான்.