அவர் கம்பெனியில் என் குரல்

திண்டிவனத்தில் ஓர் உரக்கடையின் மாடியறையில் அவர் கம்பெனி தொடங்கியபோது முதலில் வேலைக்குச் சேர்ந்தவள் நான். கடைகளுக்கு பில் போடும் சாஃப்ட்வேர். எழுதுவதும் விற்பதும் அவர். பில் நின்றுபோய்க் கடைக்காரர்கள் போனில் கத்தும்போது பதில் சொல்வது நான். நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. பி.ஏ. வரலாறு.

"படிப்பு எதுக்கும்மா? திட்ட வர்றவன்கூட உன் குரலக் கேட்டா அடங்கிடுறான்" என்றார். அந்த வயதில் அது பெரிய பாராட்டாக இருந்தது.

அவர் கெட்டிக்காரர். அதை மறுக்க மாட்டேன். நிலக்கடலை விற்கும் மல்லாட்டை மண்டியில் போய் உட்கார்ந்து, மூட்டைக்கு எவ்வளவு எடை கழிக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்து அதை அப்படியே சாஃப்ட்வேரில் கொண்டுவந்தார். சென்னைக்காரர்களுக்கு இது தோன்றவில்லை. மாவட்டம் முழுக்கக் கடைகள் அவரிடம் வந்தன. கம்பெனி விழுப்புரத்துக்கு இடம் மாறியது. போன் எடுக்க மட்டும் ஒரு கூடம் நிறையப் பெண்கள். அவர்களுக்கு என்னைத் தலைமையாக வைத்தார்.

அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. ஒரு பெண் தவறு செய்தால், அவள் பேசிய அழைப்பை ஸ்பீக்கரில் எல்லோருக்கும் போட்டுக் காட்டுவார். அவள் திக்கும் இடத்தில் நிறுத்தி, மறுபடி போடுவார். கோலியனூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்த ஒருத்தி அப்படித் தன் குரலைக் கேட்டபடியே நின்றாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு போனவள் திரும்பவே இல்லை.

"ரோஷத்த வச்சிக்கினு வேல பாக்க முடியுமா?" என்று சிரித்தார்.

பிறகு ஒருநாள் என்னை மைக் வைத்த சிறிய அறையில் உட்காரவைத்தார். "சொல்லுங்கண்ணா, பில் நின்னுடுச்சா?", "கொஞ்சம் இருங்க, பாத்துக்கினு சொல்றேன்." இப்படி வாக்கியம் வாக்கியமாக வாசித்தேன். வாரக்கணக்கில் நடந்தது. புதிதாகச் சேரும் பெண்களின் பயிற்சிக்கு என்றார். தொண்டைக்கு வெந்நீர்கூட அவரே கொண்டுவந்து கொடுத்தார்.

அந்த ஆண்டு விழாவுக்குக் கல்யாண மண்டபம் பிடித்து பிரியாணி போட்டார். சாப்பிட்டு முடிந்ததும் மேடையேறி, "ஒரு விளையாட்டு" என்றார். இரண்டு அழைப்புகளைப் போட்டார். இரண்டிலும் என் குரல்.

"ஒண்ணு உங்க அக்கா பேசினது. இன்னொண்ணு மெஷின். எது அக்கான்னு சொல்லுங்க."

இரண்டாவதுதான் என்று எல்லாப் பெண்களும் கை தூக்கினார்கள். முதலாவதைப் பேசியது நான். என்னைத் தவிர யாருக்கும் அது தெரியவில்லை. அவர் விடையைச் சொன்னதும் மண்டபமே கை தட்டியது. தட்டி முடியட்டும் என்று காத்திருந்தார்.

"நீங்களே செலக்ட் பண்ணிட்டீங்க. அப்போ நாளையில இருந்து யாரும் வர வேணாம்மா."

சிலர் அதையும் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் மேடைக்குப் போய், "நானுமா சார்?" என்று கேட்டேன்.

"நீதான் எங்ககூடவே இருக்கியேம்மா" என்று ஸ்பீக்கரைக் காட்டினார்.

அடுத்த மழைக்காலத்தில் என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பேச்சு போய்விட்டது, நான் பேசினால் மட்டும் கண் திறந்து பார்ப்பார். ஒரு மாலை ஆப்பிள் பையோடு சார் வந்து நின்றார். எப்படித் தெரிந்துகொண்டாரோ. கட்டிலோரம் உட்கார்ந்து, தன் போனைப் போர்வைமேல் கவிழ்த்து வைத்தார்.

"எப்படிம்மா ஆச்சு? யார் மொதல்ல பாத்தது? அப்பா உன்கிட்ட கடைசியா என்ன பேசினாரு?"

ஒவ்வொன்றாகக் கேட்டார். அதுவரை யாரும் அவ்வளவு பொறுமையாக என்னிடம் கேட்டதில்லை. சொல்லச் சொல்ல அழுகை வந்தது. அப்பாவின் கால் தெரிகிறதே என்று போர்வையை இழுத்தபோது போன் புரண்டது. திரையில் ஒரு கோடு, என் விம்மலுக்கு ஏற்ப ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

நான் வாயை மூடிக்கொண்டேன். என்ன ஆயிற்று என்று புரியாமல் அப்பா, பேசு பேசு என்று நல்ல கையை ஆட்டினார். போனை எடுத்துப் பதிவை நிறுத்தி அழித்தேன். சார் தடுக்கவில்லை.

"கடைக்காரனுங்க ஒரே கொற சொல்றானுங்கம்மா. மெஷின் 'சாரி' சொன்னா மனசுல இருந்து வரலயாம்" என்றார். பிறகு மிகவும் மென்மையாக, "நீ அழிச்சது போன்லதான். அது அப்பப்பவே ஆபீஸ்ல ஏறிடும்" என்று சொல்லி, அப்பாவின் நெற்றியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அப்பா வீடு திரும்பவில்லை. சாரின் கம்பெனியைப் பெரிய நிறுவனம் ஒன்று வாங்கிக்கொண்டது. இப்போது கல்லூரி மேடைகளில், சின்ன ஊரிலிருந்து எப்படி ஜெயிப்பது என்று பேசுகிறார். கூட்டம் நன்றாக வருகிறதாம்.

நான் திண்டிவனத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். அங்கேயும் அந்த சாஃப்ட்வேர்தான். ஒருநாள் பில் நின்றுபோக, முதலாளி போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"மன்னிச்சிடுங்கண்ணா... ரொம்ப கஷ்டமா இருக்குண்ணா" என்றது என் குரல். அப்பாவின் கட்டிலோரம் விம்மிய அதே விம்மலோடு.

"பாவம், யார் பெத்த பொண்ணோ, எவ்ளோ வருத்தப்படுது பாரு" என்றார் முதலாளி. கோபமெல்லாம் தணிந்து, "பரவால்லம்மா, மெதுவா சரி பண்ணு" என்று அதற்குச் சமாதானம் சொன்னார்.

நான் இருமல் மருந்துப் பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அது நான்தான் என்று முதலாளியிடம் இன்றுவரை சொல்லவில்லை.